படி ஓலையும் மூல ஓலையும்: சினிமா இசைக்கு ஃபைல் வைக்கும் முறை

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



சினிமா இசை என்றால் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ட்யூன்தான். அடுத்து யார் பாடினார், யார் எழுதினார் என்று பேசுவோம். அந்த ட்யூன் எந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு இசையமைப்பாளரின் அறையில் உதவியாளராகப் போய் உட்காரும் டிப்ளமோக்காரனுக்கு முதல் நாளே வரும் கேள்வி அதுதான். "தம்பி, நேத்து டைரக்டர் ஓகே பண்ணாரே ஒரு பிட்டு, அதை எடு." எடுத்துக் கொடுத்தால் மறுநாளும் வேலை உண்டு. திருதிருவென்று முழித்தால் கோயம்பேடோ கிளாம்பாக்கமோ போய் பஸ் பிடிக்க வேண்டியதுதான். ஆகவே இந்தப் பாடம்.

முதலில் கணக்கு. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று. பாட்டுகளை விட்டுவிடுவோம். பின்னணி இசை மட்டும் எழுபது பிட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிட்டும் டைரக்டர் மனசுக்குப் பிடிக்கும் வரை நாலு தடவை மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் தாளம், தோல்வாத்தியம், வயலின் கூட்டம், புல்லாங்குழல், குரல் என்று எட்டு ஸ்டெம்மாகப் பிரித்து மிக்ஸிங்குக்குக் கொடுக்கிறோம். 70 × 4 × 8 = 2,240 ஃபைல். ஒரு ஃபைல் இரண்டு நிமிட ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (இது வேற பிட்டு!) என்றால், வினாடிக்கு 48,000 ஸாம்பிள், ஒரு ஸாம்பிளுக்கு 3 பைட், இரண்டு சானல், வினாடிக்கு 2,88,000 பைட். இரண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 34½ எம்.பி. மொத்தம் சுமார் 77 ஜி.பி. இடம் பிரச்சினையே இல்லை, சின்ன ஹார்ட் டிஸ்க்கிலேயே அடங்கிவிடும். ஆனால் 2,240 பெயர்கள் யார் தலையிலும் அடங்காது.

இதற்குத் திரைத்துறை என்றைக்கோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. படம் ஃபிலிமில் ஓடிய காலத்தில் 1,000 அடி கொண்டது ஒரு ரீல். 35 எம்.எம். ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். வகுத்துப் பாருங்கள், ஒரு ரீல் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. படத்தைப் பாகம் பாகமாக ஓட்டித்தான் பின்னணி இசை சேர்த்தார்கள். நம்மவர்கள் ரீ-ரெக்கார்டிங், சுருக்கமாக 'ஆர்.ஆர்.' என்று சொல்வது அந்த வேலையைத்தான். ஆகவே பிட்டுக்கு விலாசம் ரீல் நம்பரில் தொடங்குகிறது. ஹாலிவுட்டில் 3எம்5 என்று எழுதினால் மூன்றாவது ரீலில் ஐந்தாவது மியூசிக். நடுவில் உள்ள 'எம்' மியூசிக்கைக் குறிக்கும். அவ்வளவுதான் விஷயம். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் மிக்ஸிங் வசதிக்காகப் படத்தைப் பாகம் பிரித்து ரீல் என்றே அழைக்கிறார்கள். பெட்டி போனாலும் பேர் போகவில்லை.

1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜா ஸ்டாஃப் நோட்டேஷனில் கையால் எழுதி, வாத்தியக்காரர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்து வாசிக்கவைக்கும் முறைக்காரர். அந்த முறையில் தாளின் தலைப்புதான் ஃபைல் பெயர். வயலின்காரர் மேஜையில் நாலாவது ரீல் தாளும் செல்லோக்காரர் மேஜையில் ஐந்தாவது ரீல் தாளும் இருந்தால் என்ன ஆகும்? யோசித்தாலே காது வலிக்கிறது. 1992-ல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரையும் சிந்தசைஸரையும் வைத்து இசை செய்யும் முறையைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தார். கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி என்ற ஏற்பாடு 1983-ல் வந்தது. எஸ்-வி.எச்.எஸ். வீடியோ கேசட்டில் எட்டு டிராக் டிஜிட்டலாகப் பதியும் ஏடாட் என்ற கருவி 1990-களின் தொடக்கத்தில் வந்தது. அப்போது கேசட் முதுகில் ஒட்டிய சீட்டுதான் எல்லாம். சீட்டு உரிந்தால் சிவாயநம. டாஸ் கம்ப்யூட்டரில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். புள்ளிக்குப் பிறகு மூன்று எழுத்து. விண்டோஸ் 95 வந்த பிறகே நீளமான பெயருக்கு வழி பிறந்தது. எட்டு எழுத்தில் படம், ரீல், பிட்டு, மாற்றம் நாலையும் அடக்கியவர்கள் இருந்தார்கள். நமக்கு 255 எழுத்து இடம் கிடைத்தும் 'நியூ ஃபைல் 2' என்று வைக்கிறோம்!

சரி, எப்படி வைப்பது? நான் சொல்லும் முறை இது:

நிழல்_ரீ03_மி05_வெ04_மா02_வயலின்

(கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடிப்போம், மலருக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'நிழல்' என்பது நான் கற்பனையாக வைத்த படப்பெயர்.) படம், ரீல், மியூசிக் நம்பர், வெட்டு, மாற்றம், ஸ்டெம். பெரிசிலிருந்து சிறிசுக்கு இறங்குகிறது, நம் ஊர் பட்டா மாதிரி: மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு. இந்த வரிசையில் வைத்தால் கம்ப்யூட்டர் அகரவரிசைப்படி அடுக்கும்போது படம் ஓடும் வரிசையிலேயே எல்லாம் வந்து நிற்கும். தனியாக உட்கார்ந்து அடுக்க வேண்டாம்.

3 என்று எழுதாமல் 03 என்று எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை. பல மென்பொருள்கள் எண்ணை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகத்தான் பார்க்கின்றன. அதனால் 1-க்கு அடுத்து 10, 11, 12 வந்து, பிறகு 2 வரும். பூஜ்யம் போட்டால் இந்தத் தகராறு தீரும். தேதி போடுவதாக இருந்தாலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைதான். நாளை முன்னால் போட்டால் ஜனவரி 5-ம் மார்ச் 5-ம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, சாய்வுக்கோடு, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் இவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. இடைவெளி விடுவதற்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.

'வெட்டு' என்ற பகுதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பெயரிலேயே முக்கியமான துண்டு அதுதான். இசையமைப்பாளர் இசை போட்டு முடித்த பிறகும் எடிட்டர் சும்மா இருக்க மாட்டார். மூன்றாவது ரீலில் ஒரு மூன்று வினாடியை எடுத்துவிட்டார் என்று வையுங்கள். மூன்று வினாடி என்றால் 72 ஃபிரேம். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 2,000 ஸாம்பிள், ஆக 1,44,000 ஸாம்பிள். அந்த இடத்துக்குப் பிறகு உள்ள எல்லா இசையும் மூன்று வினாடி பிந்திவிடும். கதவு 'டமார்' என்று சாத்தும்போது விழ வேண்டிய அடி, கதாநாயகி அழ ஆரம்பித்த பிறகு விழும். தியேட்டரில் சிரிப்பார்கள். இசை எந்த வெட்டுக்காகப் போட்டது என்று பெயரிலேயே இருந்தால், "இது நாலாம் வெட்டு, இப்ப கையில இருக்கிறது அஞ்சாம் வெட்டு" என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

பெயரில் 'சோகம்', 'ஹீரோ என்ட்ரி', 'அம்மா சென்டிமென்ட்' என்று வைக்கலாமா என்றால், கடைசியில் ஒட்டிக்கொள்ளுங்கள், நம்பருக்குப் பதிலாக வேண்டாம். தமிழ்ப் படத்தில் சோகம் ஒன்றா இரண்டா? ஆனால் பேசும்போது டைரக்டர் "மூணு எம் அஞ்சு" என்று சொல்ல மாட்டார், "அந்தக் கிணத்தடி மியூசிக்" என்பார். அதற்காக ஒரு பக்கம் பட்டியல் அடித்து, நம்பருக்கு எதிரே கிணற்றடி என்று எழுதி சுவரில் ஒட்டிவிடலாம். அதே பட்டியலில் கால அளவு, டெம்போ, எத்தனை கட்டை என்பதும் இருக்கட்டும். புல்லாங்குழல்காரர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கட்டை?" என்பதுதான். வினாடிக்கு 24 ஃபிரேம் படத்தில் நிமிடத்துக்கு 120 அடி டெம்போ என்றால் அடிக்கு அடி சரியாக 12 ஃபிரேம். இந்த மாதிரி விவரம் பட்டியலில் இருந்தால் எடிட்டரே எங்கே வெட்டினால் தாளம் தப்பாது என்று கண்டுபிடித்துக்கொள்வார்.

'ஃபைனல்' என்ற சொல்லை மட்டும் ஃபைல் பெயரில் நுழையவே விடாதீர்கள். ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் ஓகே, இதுதான் ஃபைனல்... இந்த வரிசையில் எது கடைசி என்று படைத்தவனுக்கும் தெரியாது. மா01, மா02 என்று எண்ணிக்கொண்டே போங்கள். டைரக்டர் ஏற்றுக்கொண்டதை 'ஓகே ஆனவை' என்ற தனி ஃபோல்டரில் ஒரு நகல் போடுங்கள். ஃபைல் பெயர் மாறக் கூடாது.

இனி பதிவு செய்யும் நேரத்துக்கு வருவோம். புரோ டூல்ஸ் போன்ற மென்பொருளில் புதிய டிராக் திறந்தால் அது 'ஆடியோ 1' என்று தானாகப் பெயர் வைத்துக்கொள்ளும். அப்படியே ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் டிஸ்க்கில் விழும் ஃபைலும் 'ஆடியோ 1_01' என்ற பெயரிலேயே பிறக்கும். அடுத்த பாட்டிலும் 'ஆடியோ 1_01' பிறக்கும். ஆகவே டிராக்குக்குப் பெயர் வைத்த பிறகே ரெக்கார்ட் பட்டன். பாடகர் மைக் முன்னால் நின்று தொண்டையைக் கனைக்கிற அந்த அரை நிமிடம் போதும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பம்பை அடித்துப் பாடும் பெரியவர் ஒருவர் இருந்தார். திரௌபதி அம்மன் கோயில் விழா என்றால் அவர் இல்லாமல் நடக்காது. ஒரு குறும்படத்துக்காக அவரை ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் பாட வைத்தார்கள். நானும் கூட ஒயர் சுற்றப் போயிருந்தேன். பதிந்ததெல்லாம் ஆடியோ 1, ஆடியோ 2 என்றே கிடந்தன. அடுத்த வாரம் இன்னொரு வேலைக்கு டிஸ்க்கில் இடம் தேவைப்பட்டபோது, பெயரைப் பார்த்து ஏதோ டெஸ்டிங் என்று நினைத்து அங்கிருந்தவர்கள் அழித்துவிட்டார்கள். மறுபடி பாட வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆடி மாதம் பெரியவர் இறந்துபோனார். அவர் பேரன் கைபேசியில் வாட்ஸ்அப்பில் வந்த நாற்பது வினாடி மட்டும் மிச்சம். இப்போதும் அந்தப் பையன் அதைத்தான் போட்டுக் கேட்கிறான்.

பெரிய இடங்களிலும் இது நடக்காமல் இல்லை. 2024 பிப்ரவரியில் வெளியான 'லால் சலாம்' படத்தின் 21 நாள் படப்பிடிப்புக் காட்சிகள், படத்தை முடிக்கும் நேரத்தில் கையில் கிடைக்காமல் போயின என்று அதன் இயக்குநர் ஐஸ்வர்யா ரஜினிகாந்த் பேட்டியில் சொன்னார். அமெரிக்காவில் 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரே ஒரு அழிப்புக் கட்டளையில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி மறைந்தது. பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண்மணியின் கம்ப்யூட்டரில் நகல் ஒன்று இருந்ததால் படம் பிழைத்தது.

இந்த இடத்தில்தான் நம் திருவெண்ணெய்நல்லூர் வருகிறது. பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். கோயிலில் கதாகாலட்சேபத்தில் கேட்டிருப்போம். ஆனால் அதை ஒரு ஆவணக் காப்பு வழக்காக யாராவது பார்த்தீர்களா? திருநாவலூர் சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். கிழவர் ஒருவர் வந்து, "உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ என் அடிமை" என்கிறார். கோபம் வந்த சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! கிழித்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு நம் ஊர் சபைக்கு வருகிறது. மூல ஓலையைப் படிக்கிறார்கள். எழுதியவர் யார், எந்த ஊர், யாருக்கு எழுதினார், சாட்சி யார் எல்லாம் அதிலேயே இருக்கிறது. கையெழுத்து பாட்டனுடையதுதானா என்ற கேள்விக்கு, காப்பில் இருந்த அவருடைய வேறொரு ஓலையை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. கிழவர் பக்கம் தீர்ப்பு.

பக்தியை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுக் கவனியுங்கள். வெளியே எடுத்துப் போனது நகல். மூலம் வேறு ஊரில். ஓலையைத் திறந்ததும் யாரையும் கேட்காமல் விவரம் தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவதாக ஒரு ஆதாரம் காப்பில் இருக்கிறது, அதுவும் தேடியதும் கிடைக்கிறது. இன்று கம்ப்யூட்டர்காரர்கள் மூன்று-இரண்டு-ஒன்று என்று சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனத்தில், ஒன்றாவது வேறு இடத்தில். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் காட்சியை எழுதிவிட்டார்.

எடிட்டருக்கோ மிக்ஸிங்குக்கோ கொடுப்பது எப்போதும் படி ஓலையாகவே இருக்கட்டும். அவர்கள் வெட்டினாலும் கிழித்தாலும் நமக்குக் கவலை இல்லை.

நகல் எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புராஜெக்ட் ஃபைல் என்பது கல்யாணத்துக்குச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் லிஸ்ட் மாதிரி. லிஸ்ட்டில் பருப்பு என்று எழுதியிருக்கும், பருப்பு இருக்காது. பதிந்த ஒலி எல்லாம் வேறு ஃபோல்டரில் கிடக்கும். புராஜெக்ட் ஃபைல் அவற்றின் இருப்பிடத்தை மட்டும் குறித்து வைத்திருக்கும். பென் டிரைவில் அந்தச் சின்ன ஃபைலை மட்டும் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனால் அங்கே திறந்ததும் 'ஃபைல்கள் காணவில்லை' என்று வரும். ஆகவே ஒரு பிட்டுக்கு ஒரு ஃபோல்டர்; புராஜெக்ட்டும் ஒலியும் அதனுள்ளேயே. ஃபோல்டரோடு தூக்கினால்தான் தூக்கியதாக அர்த்தம்.

இன்னொன்று, வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீளத்துக்கு வேவ் ஃபைலாக எடுத்து வைத்துவிட வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த மென்பொருளோ பிளகினோ இருக்குமா, யார் கண்டது? வேவ் ஃபைல் திறக்கும். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்குவதால் எந்த மென்பொருளில் கொண்டுபோய் அடுக்கினாலும் தாளம் கூடி வரும். 1997-ல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் கொண்டுவந்த பிராட்காஸ்ட் வேவ் என்ற வகையில், ஒலி எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதை ஃபைலுக்குள்ளேயே குறிக்க இடம் இருக்கிறது. முடிந்தால் அந்த வகையிலேயே எடுங்கள்.

ஸாம்பிள் ரேட்டையும் எழுதி வைக்க வேண்டும். சி.டி.க்கு 44.1, படத்துக்கு 48. நாம் லேபில் படித்ததுதான். 44.1-ல் பதிந்ததை 48 என்று தவறாக எண்ணி ஓட்டினால் சுமார் 8.8 சதவீதம் வேகமாக ஓடும். ஒரு நிமிடப் பாட்டு 55 வினாடியில் முடிந்துவிடும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். பாடகர் கேட்டால் சண்டைக்கு வருவார்.

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, பட்டா, என் மார்க் ஷீட் எல்லாம் ஒரே மஞ்சள் பையில் இருக்கும். என் அம்மா படிக்கவில்லை, ஆனால் தாளின் நிறத்தையும் மடிப்பையும் வைத்து இருட்டிலும் சரியானதை எடுத்துவிடுவார்கள். அது அம்மா இருக்கும் வரை சரி. ஸ்டூடியோவில் நாம் இன்று இருப்போம், நாளை வேறொருவர் இருப்பார். நம் மனசில் மட்டும் இருக்கும் அடையாளம் அவருக்கு உதவாது.

உரிமை விஷயமும் இதில் அடங்கும். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற வகையில் அந்தப் படைப்பு பயன்படும்போது வரும் ராயல்டியில் பங்கை முழுக்க விட்டுக்கொடுத்துவிட முடியாது. 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு அதை வசூலித்துப் பிரித்துத் தருகிறது. பிரிக்க வேண்டுமானால் எந்தப் பிட்டு யாருடையது, எத்தனை நிமிடம் என்ற பட்டியல் வேண்டும். திரைத்துறையில் அதற்கு க்யூ ஷீட் என்று பெயர். நாம் சுவரில் ஒட்டச் சொன்ன அதே பட்டியல்தான், கூட ஒரு பத்தி சேர்த்தால் போதும். "இது என் ட்யூன்" என்று நாளைக்கு ஒரு பையன் சொன்னால் சபை ஓலையைத்தான் கேட்கும். முதல் தடவை முணுமுணுத்துப் பதிந்த ஃபைலிலிருந்து மா01, மா02 என்று தேதியோடு எல்லாம் இருந்தால் அவன் வாயால் வழக்காட வேண்டியதில்லை. அதனால்தான் பழைய மாற்றங்களை அழிக்காதீர்கள் என்கிறேன். 'பழையவை' என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடுங்கள், கண்ணில் படாது.

கடைசியாக, ஒவ்வொரு படத்தின் ஃபோல்டரிலும் 'முதலில் படிக்கவும்' என்று சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று. படத்தின் பெயர், அதற்கு நாம் வைத்த சுருக்கம், வினாடிக்கு எத்தனை ஃபிரேம், ஸாம்பிள் ரேட், எந்த மென்பொருள், எந்த பிளகின், யார் யார் வாசித்தார்கள், பாடினார்கள். பத்து வரி போதும், அஞ்சு நிமிஷ வேலை. ஹார்ட் டிஸ்க்கின் மேலேயும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, படத்தின் பெயரும் தேதியும் மார்க்கரில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம்.